ஊதாச் சட்டை யாரைப் பார்க்க வந்தது

ஹார்லோ பெண்ட், மிசிசிப்பி
ஜூன் 9

அக்கா,

இல்லை, குவினியைத்தான் பார்த்தார் என்று நான் எழுதவில்லை. யாரைப் பார்த்தார் என்று தெரியவில்லை என்றுதான் எழுதினேன். இரண்டும் வேறு. அந்த வேற்றுமைக்குள்தான் இப்போது தூங்கி எழுகிறேன்.

நீ கேட்டபடி முழுவதும் சொல்கிறேன். ஊதாச் சட்டை போட்ட கோச். டென்னசியில் ஒரு கல்லூரி அணிக்கு, இலவசப் படிப்போடு, ஆள் தேடுகிறவர். பெயரைச் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று நம் பயிற்சியாளர் மிஸ் எர்லீன் சொல்லவே விடுவதில்லை. எங்களுக்கு எல்லாக் கல்லூரிகளும் நிறங்கள்தான். கிரீன்வில் பெண்களோடு நம் பள்ளி அரங்கில் கூடைப்பந்து ஆட்டம். ஏ.சி. இல்லை, தெரியுமே. எல்லாரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் கீழ்வரிசையில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

நான் பந்தை எறிகிறேன். குவினி வாங்குகிறாள். நாங்கள் இருவரும் எப்போதும் ஒரே கோட்டில் இருக்கிறோம். அவருடைய கண் அந்தக் கோட்டில் எங்கே நின்றது என்று எப்படிச் சொல்வது? குவினி ஆறடிக்கு மேல். நான் அவள் தோள்வரை. உயரமான பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் அவளுக்குப் பந்து கொடுக்கிறவளையும் பார்த்துத்தான் தீரவேண்டும். கிளியைப் பார்க்க வந்தவர் கிளையையும் பார்ப்பதுபோல.

கேட்கவும் முடியாது. அடுத்த மாதம் மெம்ஃபிஸில் நடக்கும் போட்டி முடியும்வரை கல்லூரிக்காரர்கள் எங்களோடோ வீட்டாரோடோ பேசக் கூடாதாம். விதி. உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். மிஸ் எர்லீன் எங்களை வரிசையாக நிறுத்தி, "அவங்க உங்களப் பாத்து இருமினாக்கூட நீங்க திரும்பக் கூடாது, புரியுதா?" என்றார். குவினி உடனே இருமினாள். ஒரு சுற்று ஓடவிட்டார்.

மெம்ஃபிஸில் ஒரே நாளில் நூறு கோச்சுகள் வருவார்களாம். நாரைகள் எட்டுப் பேர்தான் இருக்கிறோம். டெல்டா நாரைகள் என்று பெயர் வைத்தபோது உயரமான பெண்கள் இன்னும் மூன்று பேர் வருவார்கள் என்று நம்பியிருந்தோம். வந்தது குவினி மட்டும். அவளும் கையை அடக்க மாட்டாள். யார் பந்தைத் தூக்கினாலும் அவளுடைய கை கீழே வந்து விழும். ஐந்து ஃபவுல், வெளியே. பிறகு நாங்கள் நாரைகள் இல்லை, கோழிகள்.

ஒரு சின்ன விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஆட்டம் முடிந்து ஊதாச் சட்டை வெளியே வரும்போது வாசலில் அப்பா நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றி, "குட் மார்னிங், மேடம்" என்றார். அவர் பதில் சொல்லவில்லை. காதில் விழவில்லை என்று நினைத்து அப்பா இன்னும் சத்தமாக, சர்ச்சில் சொல்வதுபோல, மறுபடி சொன்னார். ஊதாச் சட்டை தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே காருக்குப் போய்விட்டார். மிஸ் எர்லீன் வாயைப் பொத்திக்கொண்டார்.

சாலைச் சிக்னலோடுகூடப் பேசுகிற மனிதர் அப்பா. வீடு வரும்வரை ஒரு வார்த்தை இல்லை.

நீ அவருக்கு ஒரு கடிதம் எழுது. இரண்டு வரி.

நைலா


ஜூன் 16
தென் கரோலினா, இராணுவப் பயிற்சி முகாம்

நைலா,

உறையில் இனிமேல் பூ ஒட்டாதே. ஒவ்வொரு பூவுக்கும் தண்டால் எடுக்கவைத்தார்கள். சார்ஜண்ட் உறையைத் தூக்கிக் காட்டி, "பெட்டிக்ரூ, உனக்கு யாரோ தோட்டம் அனுப்பியிருக்காங்க" என்றார். மொத்தக் கூடமும் சிரிக்காமல் நின்றது. இங்கே சிரிப்பதற்கும் தண்டால்.

துணி துவைக்கும் அறையில் எழுதுகிறேன். இயந்திரத்தின்மேல் தாளை வைத்திருக்கிறேன், கோணல் அதனால்தான்.

கோச்சுகள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளைப் பார்க்காதே. இது ஒன்றுதான் என் அறிவுரை. நாற்காலியைப் பார்த்து ஆடுகிறவளின் கால் அரை அடி தாமதமாக வரும். அவர்களுக்கு அது தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் பார்த்தேன்.

குவினியைப் பார்த்தாரா உன்னைப் பார்த்தாரா என்பதை விடு. விட முடியாது என்று தெரியும். ஆனாலும் விடு.

அப்பாவுக்கு நான் எழுதப்போவதில்லை.

ஆள் சேர்க்கிறவரின் கார் என்னைக் கூட்டிப்போக வந்த காலை உனக்கு நினைவிருக்கும். அவர் கீரைப்பாத்தியில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகு எங்கள் பக்கம். நான், "அப்பா, கிளம்பறேன்" என்றேன். தண்ணீர் ஒரே செடியின்மேல் விழுந்துகொண்டிருந்தது. மண் கரைந்து வேர் தெரிய ஆரம்பித்தது. அவர் திரும்பவில்லை.

தபால்காரரின் நாய்க்கு குட் மார்னிங் சொல்கிற மனிதர்.

கோச் ஒருத்தி பதில் சொல்லவில்லை என்று அவருக்கு மனசு நொந்துவிட்டதா? சரி. நோகட்டும். எப்படி இருக்கும் என்று தெரியட்டும்.

இந்த வரியை அடிக்க நினைத்தேன். அடிக்கவில்லை.

ஆக்டேவியா


ஹார்லோ பெண்ட்
ஜூன் 23

அக்கா,

மெம்ஃபிஸுக்குச் சர்ச் வேன் வராது.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் முடிவை முதலில் எழுதிவிட்டேன்.

ஞாயிறு சர்ச் முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா சோளரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா பிரார்த்தனை சொல்லி, ஆமென் சொல்லி, அதே மூச்சில், "மெம்ஃபிஸ் வேண்டாம்" என்றார்.

"என்னங்க?" என்றார் அம்மா.

"எம்பொண்ணு போற எடத்துல மனுசனுக்கு மனுசன் குட் மார்னிங் சொல்லணும். சொல்லத் தெரியாத எடத்துல நாலு வருசம் என்ன படிப்பா?"

நான் விதியைச் சொன்னேன். மிஸ் எர்லீன் சொன்னபடியே, ஒரு சொல் மாறாமல்.

"விதியா?" என்றார். "ஒரு கிழவன் தொப்பியக் கழட்டிட்டு நிக்கறான். அவனுக்குத் தலை ஆட்டக் கூடாதுன்னு ஒரு விதியா? அத எழுதினவன் யாரு பெத்த புள்ள?"

மாலையில் மிஸ் எர்லீனே வந்தார். வாசலில் நின்றபடி வணக்கமெல்லாம் முறையாக முடிந்தது. அது முடியவே நேரம் ஆகும், தெரியுமே. பிறகு, எப்போதும்போல அப்பாவைச் சர்ச் பதவியால் அழைத்து, "டீக்கன், அந்தம்மா பேசியிருந்தா அவங்க வேலை போயிருக்கும். தலையாட்டினா எவளாவது போட்டோ எடுத்துப் புகார் எழுதுவா. பயந்துதான் ஓடினாங்க" என்றார்.

அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எர்லீன், வெள்ளைக்காரி பதில் சொல்லலேன்னா எனக்குப் பழக்கம். எங்கப்பனுக்கும் பழக்கம். இவ நம்மளப்போலக் கறுப்புப் பொண்ணு. யார் வீட்டுப் பொண்ணோ. அவ அம்மா அவளுக்குச் சொல்லிக்குடுத்திருப்பா. அத மறக்கவச்ச எடம் அது. அங்கயா என் கொழந்தைய அனுப்பறது?"

அப்பா சொன்னது தவறு என்று தெரிகிறது. எந்த இடத்தில் தவறு என்று விரல் வைக்க முடியவில்லை.

புதன்கிழமை சர்ச் கூட்டத்தில் அறிவித்துவிட்டார். வேனில் ரேடியேட்டர் ஒழுகுகிறதாம், நெடுந்தூரம் தாங்காதாம். சர்ச் வேனை ஓட்ட அவருக்கு மட்டும்தான் அனுமதி. மிஸ் எர்லீன் காரில் நாலு பேர் ஏறலாம். நாலு பேரை வைத்துக்கொண்டு கூடைப்பந்து ஆட முடியாது. மற்ற வீடுகளில் சனிக்கிழமை எல்லாருக்கும் மீன் தொழிற்சாலையில் வேலை.

குவினி என்னோடு பேசுவதில்லை. இன்று பயிற்சியில் நான் எறிந்த பந்தைப் பிடிக்காமல் கையைக் கீழே போட்டுக்கொண்டாள். பந்து அவளுடைய வயிற்றில் பட்டு உருண்டது. "உங்கப்பாவுக்கு ஒரு குட் மார்னிங் கெடைக்கலேன்னு எனக்குக் காலேஜ் போச்சுடி" என்றாள்.

அவளைத்தான் பார்த்தார் என்று அவளே நினைக்கிறாள் பார்.

நைலா


ஜூன் 29

நைலா,

ரேடியேட்டர் என்றா சொன்னார்? அந்தச் சொல்லையேவா?

உன் கடிதத்தை வரிசையில் நின்றபடி படித்தேன். அந்த வரியில் நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவள் என்மேல் மோதினாள். இருவருக்கும் தண்டால். எடுக்கும்போதும் அதே சொல்தான்.

ஜாக்சன். மூன்று கோடைக்கு முன்னால். உனக்குப் பதினாலு வயது, வேனில் கடைசி இருக்கையில் வந்தாய். சனிக்கிழமை நான் ஆடிய ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஆடியதில்லை. பச்சைச் சட்டை போட்ட ஒரு மனிதர் முதல் நிமிஷத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அலபாமாக் கல்லூரி. ஞாயிறும் வருவார் என்று மிஸ் எர்லீனிடம் யாரோ சொன்னார்கள்.

ஞாயிறு காலை அப்பா வந்து ரேடியேட்டர் ஒழுகுகிறது என்றார். இன்னும் மோசமாவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். போனோம். நாங்கள் பாட்டுப் பாடினோம்.

ரேடியேட்டர் ஒழுகும் வேன் ஜாக்சனிலிருந்து வீடுவரை எப்படி ஓடியது? ஜூலை வெயிலில், எங்கும் நிற்காமல்? பத்துப் பெண்கள் இருந்தோம். ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பச்சைச் சட்டைக்கு அப்பா குட் மார்னிங் சொன்னாரா? சொல்லியிருப்பார். யாருக்குத்தான் சொல்லவில்லை?

அந்த மனிதர் ஞாயிறு வந்து உட்கார்ந்திருப்பார். எதிரணி மட்டும் களத்தில் நின்றிருக்கும். நாரைகள் வரவில்லை என்று அறிவித்திருப்பார்கள். எழுந்து வேறு கோர்ட்டுக்குப் போயிருப்பார். ஒரு ஆளின் வாழ்க்கை முடிவதற்கு இவ்வளவு சின்னச் சத்தம்தான். மடக்கு நாற்காலி மூடுகிற சத்தம்.

வாழ்க்கை முடிந்தது என்று எழுதுவது அதிகம். தெரிகிறது. மீன் தொழிற்சாலையில் இரண்டு வருஷம் நின்றேன், இப்போது இங்கே நிற்கிறேன். முடியவில்லை. ஆனால் வேறாகிவிட்டது.

வேனுக்கு அடியில் குனிந்து பார். ஈரம் இருக்கிறதா என்று சொல். வேண்டாம். பார்க்காதே. பார்த்தாலும் எழுதாதே.

எழுது.

இன்னொன்று. சென்ற வாரம் முகாமின் பாதிரியார் எங்கள் வரிசையைக் கடந்து போனார். வயதானவர், நம் ஊர்ப் பக்கத்துப் பேச்சு. என் எதிரே நின்று, "குட் மார்னிங், மகளே" என்றார். அசையாமல் நிற்கச் சொல்லி உத்தரவு. சார்ஜண்ட் என் காதருகே. நான் அவருடைய தலைக்குமேல் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நம் வீட்டில் வளர்ந்தவள். என் தொண்டை அந்தச் சொல்லைச் சொல்லித் தவித்தது. வாய் திறக்கவில்லை.

ஊதாச் சட்டைக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

ஆக்டேவியா


ஹார்லோ பெண்ட்
ஜூலை 5

அக்கா,

அடியில் உலர்ந்த மண். எறும்பு ஊர்கிறது. இதைத்தானே கேட்டாய்.

நேற்று நாலாம் தேதி, சுதந்திர தினத்து மீன் வறுவல். சித்தப்பா வீட்டுப் பின்புறம் எல்லாரும் இருந்தார்கள். அப்பா எண்ணெய்ச் சட்டியின் பக்கத்தில், கையில் இடுக்கியோடு. சித்தப்பா அவரைச் சீண்டிக்கொண்டிருந்தார்: "என்ன அண்ணே, வேனுக்குக் காய்ச்சலாமே? மருந்து குடுத்தியா?" எல்லாரும் சிரித்தார்கள்.

நான் கேட்கப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"அப்பா, ஜாக்சன்ல அந்தப் பச்சைச் சட்டைக்காரரு உங்களுக்கு குட் மார்னிங் சொன்னாரா?"

சிரிப்பு நின்றது என்று எழுத ஆசை. நிற்கவில்லை. யாருக்கும் புரியவில்லை. அப்பாவுக்கு மட்டும்தான் புரிந்தது. இடுக்கியில் இருந்த மீனை எண்ணெயில் போடாமல் வைத்துக்கொண்டே நின்றார்.

"எந்தப் பச்சைச் சட்டை?"

"ஆக்டேவியாவப் பாக்க வந்தவரு."

"அவனா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவனும் அந்த விதியாலதானா?"

நான் தலையாட்டினேன். அவர் இடுக்கியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். மீன் கருகியது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கோபப்படு, பரவாயில்லை.

உன் கடிதம் வருமுன் அவர் என் விஷயத்தில் பிடிவாதமாக மட்டும் இருந்தார். பிடிவாதத்தை உடைக்கலாம், அம்மாவும் மிஸ் எர்லீனும் சேர்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு ஞாயிறு போயிருந்தால் வந்திருப்பார். இப்போது அவர் பிடிவாதமாக இல்லை. யாரோடும் பேசுவதில்லை. இன்று காலை தபால்காரர் வந்தபோது உள்ளே எழுந்து போய்விட்டார். நாய் வாசலில் நின்று பார்த்தது.

எனக்கு வேன் வேண்டும். உனக்கு நியாயம் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கிறது. நீ உன்னுடையதை என் வாயால் கேட்க வைத்துவிட்டாய்.

உன் ஞாயிறு போய்விட்டது. என்னுடையது இன்னும் போகவில்லை, அக்கா. ஒரு வாரம் இருக்கிறது. குவினியின் அத்தை கார் தருவதாகச் சொல்லிப் பிறகு இல்லை என்றுவிட்டாள். நான் இரவெல்லாம் கனவில், கோர்ட்டில் யாருமில்லாத நாற்காலிகளைப் பார்க்கிறேன்.

இதை அனுப்பாமல் இருந்திருக்கலாம். உறையில் பூ ஒட்டவில்லை.

நைலா


ஜூலை 7

நைலா,

உன் பதில் இன்னும் வரவில்லை. ஈரம் இருந்ததா இல்லையா என்று தெரியாது. காத்திருக்கவில்லை.

இன்று மதியம் தொலைபேசிகளைக் கொடுத்தார்கள். சில நிமிஷம். எல்லாரும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பேச வேண்டும். இருபது பெண்கள் இருபது வீடுகளோடு ஒரே நேரத்தில் அழுதார்கள். உனக்குத்தான் கூப்பிடுவதாக இருந்தேன். விரல் வீட்டு எண்ணை அழுத்தியது.

அவர் எடுத்தார். "பெட்டிக்ரூ வீடு. குட் ஆஃப்டர்நூன்." எப்போதும்போல அந்த வரிதான். குரல் மட்டும் மெலிந்திருந்தது. உடம்புக்கு ஏதாவதா?

நான் ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். எட்டு நாள் நடைப்பயிற்சியில் அதைக் கூராக்கினேன். "அப்பா, ரேடியேட்டர்ல என்ன கோளாறு?" அவ்வளவுதான். அது போதும் என்று நினைத்தேன்.

"குட் ஆஃப்டர்நூன், அப்பா" என்று வந்தது.

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மூச்சு மட்டும். அவர் பதில் சொல்லாமல் இருந்து நான் கேட்டது அது இரண்டாவது முறை. ஆனால் இந்த முறை முதுகைக் காட்டவில்லை. அது தொலைபேசியிலும் தெரிகிறது, நைலா.

நேரம் ஓடியது. அதனால் பாதிரியாரைப் பற்றிச் சொன்னேன். உனக்கு எழுதியதையே. சுவரைப் பார்த்து நின்றேன், வாய் திறக்கக் கூடாது என்றேன்.

"அந்தப் பெரியவர் என்ன பண்ணாரு?" என்றார்.

"பக்கத்துல இருந்தவளுக்கும் குட் மார்னிங் சொன்னாரு. அவளும் பதில் சொல்லல. அதுக்கடுத்தவளுக்கும் சொன்னாரு. வரிசை முழுக்கச் சொல்லிட்டே போனாரு."

"ஒருத்தியும் சொல்லலியா?"

"ஒருத்தியும் சொல்லல."

"கோவிச்சுக்கலியா அவரு?"

"சிரிச்சுட்டே போனாரு, அப்பா. அவருக்குத் தெரியும்."

சார்ஜண்ட் கைதட்டிவிட்டார். தொலைபேசிகளை வாங்கிக்கொண்டே வந்தார்கள். எனக்கு மூன்று பேர் முன்னால் வந்துவிட்டார்கள். அப்போது அவர், "பாப்பா, அந்த ஜாக்சன்ல" என்று தொடங்கினார்.

என் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்திருப்பார். யாருமில்லாத கம்பியில். எவ்வளவு நேரம் பேசினார் என்று அம்மாவைக் கேள். என்ன சொன்னார் என்று கேட்காதே.

ஆக்டேவியா


மெம்ஃபிஸ், டென்னசி
ஜூலை 13, மாலை

அக்கா,

முதலில் இது: வந்தோம். எட்டுப் பேரும். அப்பாதான் ஓட்டினார். நாளை ஞாயிறு, சர்ச்சில் அவருடைய இடம் காலியாக இருக்கும். ஜாக்சனுக்குப் பிறகு இதுதான் முதல் முறை.

நீ கூப்பிட்டதற்கு மறுநாள் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா வாளியை நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான் பேச்சு.

என் கடிதம் உனக்கு இந்நேரம் கிடைத்திருக்கும். அதில் உன்மேல் பழி போட்ட ஒரு வரியை எடுத்துவிட்டுப் படி. எது என்று உனக்குத் தெரியும்.

நேற்று நெடுஞ்சாலையில், எல்லாரும் சிப்ஸ் தின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, அப்பா பாட்டை அணைத்தார். கண்ணாடியில் எங்களைப் பார்க்கவில்லை, சாலையைத்தான் பார்த்தார்.

"இந்த வேன்ல ரேடியேட்டர் நல்லா இருக்கு" என்றார். "ஜாக்சன் போனப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. எம்பெரிய பொண்ணு அந்த ஞாயித்துக்கெழம ஆடியிருக்கணும். நான் ஆடவிடல."

குவினிதான், "பரவால்ல, டீக்கன்" என்றாள். அவள் எப்படிப் பரவாயில்லை என்று சொல்லலாம் என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு, வேறு யார்தான் சொல்வது என்று தோன்றியது. இதை உனக்கு எழுதச் சொன்னார். நீங்களே எழுதுங்கள் என்றேன். "எழுதறேன். நீயும் எழுது. என் எழுத்து அவளுக்குப் புரியாது" என்றார்.

இப்போது போட்டி.

அரங்கம் என்று சொல்ல முடியாது. விமானம் நிறுத்தும் கொட்டகை மாதிரி. எட்டு கோர்ட். எட்டு விசில். எந்த விசில் எங்களுடையது என்று பாதி நேரம் தெரியவில்லை. அடிக்கோட்டுக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகள், அவற்றில் கோச்சுகளின் நிறங்கள். நீ சொன்னபடி பார்க்காமல் இருந்தேன். ஊதா வந்ததை மட்டும் பார்த்தேன்.

வாசலிலேயே அப்பாவும் ஊதாவும் எதிர்ப்பட்டார்கள். குறுகலான வழி. நானும் மிஸ் எர்லீனும் பின்னால் நின்றுவிட்டோம். அப்பாவின் கை தொப்பிக்குப் போனது. பாதியில் நின்றது. சட்டைப்பையிலிருந்து பெப்பர்மிண்ட் எடுத்து, உறையை உரித்து, வாயில் போட்டு, உதடுகளை இறுக்கிக்கொண்டார். சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டார். கழுத்து நரம்பு தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க அவருக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று இன்றுதான் பார்த்தேன். ஊதாச் சட்டை கடந்து போனார். நாலடி போய் ஒரு கணம் நின்றார், திரும்பவில்லை. பிறகு போய்விட்டார்.

"நான் சரியாப் பண்ணேனா?" என்று அப்பா மிஸ் எர்லீனிடம் கேட்டார். மிட்டாய் வாயில் இருந்ததால் குழறியது.

"பிரமாதம், டீக்கன்."

"ரொம்ப அசிங்கமா இருக்கு எனக்கு."

ஆட்டத்தில் தோற்றோம். பதினொரு புள்ளி வித்தியாசம். நான் மோசமாக ஆடவில்லை. நன்றாகவும் ஆடவில்லை. பந்தை இரண்டு முறை பறிகொடுத்தேன். குவினிக்கு நான் எறிந்தவற்றில் பாதிக்குமேல் கூடையில் விழுந்தன. ஊதாச் சட்டை எழுதிக்கொண்டே இருந்தார். ஆட்டத்தின் மூன்றாம் பகுதி நடுவில் குவினியின் கை வழக்கம்போல யாருடைய தோளிலோ விழுந்தது. ஐந்தாவது ஃபவுல். விசில். அவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஊதாச் சட்டை பேனாவை மூடினார். எழுந்தார். நாற்காலியை மடக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டு வேறு கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

நீ எழுதிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அது இல்லாமலே புரிந்தது.

வேறு ஆட்டம் தொடங்கும் நேரமாகவும் இருக்கலாம் என்று மிஸ் எர்லீன் சொல்கிறார். இருக்கலாம். ஒரு மாதமாக உன்னிடம் நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அழவில்லை. ஓட்டல் அறையில் ஈரத் தலையோடு உட்கார்ந்து சுவரில் ஒட்டிய நாளைய பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு ஆட்டம். அதுதான் கடைசி.

பிறகு வேறு விதமாக யோசித்தேன். குவினி களத்தில் இருக்கும்வரை அந்த நாற்காலியில் ஆள் இருப்பார். ஆள் இருந்தால் பந்து யார் கையிலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் ஆகவேண்டும். அவள் வெளியே போனால் நானும் வெளியே போனதுபோல்தான், காலால் ஓடிக்கொண்டிருந்தாலும்.

இது பெருந்தன்மை இல்லை. நீ அப்படி நினைத்துவிடாதே. கொஞ்சம் அதுவும் இருக்கலாம். எவ்வளவு என்று தெரியவில்லை.

வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. ஓட்டலின் கார் நிறுத்தும் இடம் காலி. அப்பா கீழே வேனில் உட்கார்ந்து ஸ்டியரிங்மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார். ஜன்னலிலிருந்து தெரிகிறது. வெகுநேரமாக ஒரே தாள்தான்.

நைலா

உறையை ஒட்டுமுன்: பந்தை எடுத்துக்கொண்டு போய்க் குவினியின் அறைக்கதவைத் தட்டினேன். "தூங்கறேன்டி, போடி" என்றாள். மறுபடி தட்டினேன். கீழே கூட்டிப்போய், இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நில், நான் மோதினாலும் கை கீழே வந்தால் ஃபவுல் என்று சொல்லி, அவளை நோக்கிப் பந்தோடு ஓடினேன்.